போவதா, இன்னொரு வருடம் இருப்பதா? கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடிக்கொண்டு, படிப்பு முடியும் முன்னரே தொழில்முறை லீக்கான என்பிஏவின் டிராஃப்டுக்கு (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை இரண்டு சுற்றில் எடுக்கும் நிகழ்ச்சி) பெயர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்,

வணக்கம்.

மார்ச் மாதப் போட்டிகள் முடிந்ததும் உங்கள் வீட்டில் என்ன பேச்சு ஓடும் என்பது எங்களுக்குத் தெரியும். "இப்போதே போய்விடு, அடிபட்டால் எல்லாம் போச்சு" என்பார் ஏஜென்ட். "இன்னொரு வருடம் இரு, முதல் பத்துக்குள் வந்துவிடுவாய்" என்பார் பயிற்சியாளர். பயிற்சியாளருக்கு அடுத்த வருட அணியைக் கட்ட வேண்டும், ஏஜென்டுக்குக் கமிஷன் வேண்டும். இருவரும் உங்களுக்குக் கெடுதல் நினைப்பவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் போடும் கணக்கு அவர்களுடையது. உங்கள் கணக்கை நீங்கள்தான் உட்கார்ந்து போட வேண்டும். அதற்குத் தேவையான எண்களையும் தேதிகளையும் தரவே இதை எழுதுகிறோம்.

"நான் என்பிஏ தரத்துக்கு வந்துவிட்டேனா?" என்ற கேள்வியை முதலில் தள்ளி வையுங்கள். அதற்கு யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. கேட்க வேண்டியது இதுதான்: ஜூலையில் எந்த வகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறீர்கள்? மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வரும்.

முதல் சுற்றில் 30 பேர். அவர்களுடைய சம்பளத்தில் பேரம் கிடையாது, எந்த இடத்துக்கு எவ்வளவு என்று அட்டவணையே இருக்கிறது. 1994-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன் 10 வருடத்துக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் வாங்கினார். லீக்கும் வீரர் சங்கமும் அடுத்த வருடம் போட்ட ஒப்பந்தத்திலேயே இந்த அட்டவணை வந்துவிட்டது. அட்டவணைத் தொகையில் 80 முதல் 120 சதவீதம் வரை தரலாம், நடைமுறையில் ஏறக்குறைய எல்லோருக்கும் 120 கிடைக்கிறது. 2025-26 சீசனுக்கு முதலிடத்தில் போன கூப்பர் ஃபிளாகுக்குச் சுமார் 1 கோடியே 38 லட்சம் டாலர். 30-ஆம் இடத்துக்குச் சுமார் 27 லட்சம். ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி, நீங்கள் ஆடினாலும் பெஞ்சில் இருந்தாலும் கைக்கு வரும். மூன்றாம் வருடமும் நான்காம் வருடமும் அணியின் விருப்பம். மூன்றாம் வருடத்துக்கு உங்களை வைத்துக்கொள்வார்களா என்பதை உங்கள் முதல் சீசன் முடிந்து வரும் அக்டோபர் 31-க்குள் அணி சொல்லிவிட வேண்டும். 19 வயதில், உடம்பு முழுதாக வளராத நிலையில் ஆடிய ஒரே ஒரு சீசனைப் பார்த்துத்தான் அந்த முடிவு எடுக்கப்படுகிறது. பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

அப்படியிருந்தும் 30-ஆம் இடத்து வீரருக்கு இரண்டு வருடத்தில் 55 லட்சம் டாலருக்கு மேல் உறுதி. அடுத்த பெயரான 31-க்கு அந்த அட்டவணை கிடையாது. உங்கள் மீதான உரிமையைத் தக்கவைக்க, உறுதியில்லாத ஒரு வருடக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தை அணி நீட்டினாலே விதிப்படி போதும். லீக்கும் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்தில் இரண்டாம் சுற்று வீரர்களுக்கென்று ஒரு விலக்கு சேர்த்தார்கள். அதில் மூன்று அல்லது நான்கு வருடத்துக்குக் கையெழுத்திடலாம், கடைசி வருடம் அணியின் விருப்பம். 31-க்குப் பிந்தைய சில இடங்களில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது கிடைத்துவிடுகிறது. இன்னும் கீழே போகப்போக வருவது டூ-வே ஒப்பந்தம்.

டூ-வே பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "மகன் என்பிஏவில் கையெழுத்துப் போட்டுவிட்டான்" என்று ஊரெல்லாம் சொன்ன பிறகுதான் பல குடும்பங்களுக்கு அதன் உள்விவரம் தெரிகிறது. 2017-இல் வந்த இந்த ஒப்பந்தத்தில் ஓர் அணி இப்போது மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம். சம்பளம், புதுமுக வீரரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் சரிபாதி. 2025-26-இல் அது 6,36,435 டாலர். சீசனில் 50 என்பிஏ ஆட்டங்களுக்கு மேல் உங்கள் பெயரை ஆட்டப் பட்டியலில் போட முடியாது. வழக்கமான ஒப்பந்தமாக மாற்றாவிட்டால் பிளேஆஃபில் இடமில்லை. மற்ற நாளெல்லாம் என்பிஏவின் கிளை அணிகள் ஆடும் கீழ்நிலை லீக்கான ஜி லீக் அணியோடுதான். இதற்கும் கீழே எக்ஸிபிட் 10 என்ற ஒப்பந்தம். பயிற்சி முகாமுக்கு அழைத்து, வெட்டிவிட்டு, ஜி லீக் கிளை அணியில் 60 நாள் தங்கினால் ஒரு போனஸ் தருவார்கள். ஜி லீக் சம்பளம் மட்டும் என்றால் முழு சீசனுக்கு 45,000 டாலர் அளவில்தான்.

இந்த எண்கள் எதுவும் முழுதாகக் கைக்கு வராது. ஏஜென்டுக்கு ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 4 சதவீதம், குறைந்தபட்சச் சம்பளம் என்றால் 2. விளம்பர வருமானத்துக்கு அவர் தனியாக, இதைவிட அதிகமாகவே கேட்பார். லீக் 10 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வருட முடிவில் கணக்குப் பார்த்துத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மத்திய அரசு வரி உச்ச அடுக்கில் 37 சதவீதம். வருமான வரி உள்ள எந்தெந்த மாநிலத்தில் போய் ஆடுகிறீர்களோ அங்கங்கே அந்த ஆட்ட நாள்களுக்கான மாநில வரியும் உண்டு.

இனி மறுபக்கம். 2021 ஜூலை 1 வரை கல்லூரியில் இருப்பது என்றால் உதவித்தொகையும் உணவும் மட்டும்தான். அன்றைக்கு "போய்விடு" என்று சொன்னவர்கள் சொன்னது சரி. வீட்டில் கஷ்டம் இருக்கும் பையன் இரண்டாம் சுற்றானாலும் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அந்தத் தேதிக்குப் பிறகு வீரர்கள் தங்கள் பெயர், உருவம் வழியே சம்பாதிக்கலாம் என்றாகி, என்ஐஎல் பணம் வந்தது. 2025 ஜூன் 6-ஆம் தேதி கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தபின் கல்லூரிகளே நேரடியாகச் சம்பளம் தருகின்றன. 2025-26-க்கு ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கை அமெரிக்கன் ஃபுட்பால் தின்றுவிடும். இருந்தாலும் பெரிய கல்லூரிகளில் முதல் ஐவரில் ஆடும் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டுவது இப்போது அதிசயமில்லை. அதாவது டூ-வே ஒப்பந்தத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இதன் விளைவைப் பெயர்ப் பட்டியலிலேயே பார்க்கலாம். 2021-இல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர். 2025-இல் 106. பையன்களுக்குத் திடீரென்று படிப்பின்மேல் ஆசை வந்துவிடவில்லை. 31-க்குக் கீழே கிடைப்பதைவிடக் கல்லூரியில் கிடைப்பது அதிகம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் போட்டது சரியான கணக்கு.

ஆகவே எங்கள் முடிவை ஒளிக்காமல் சொல்கிறோம். முதல் சுற்று, அதுவும் 20-க்குள் என்று நம்பத் தகுந்த தகவல் இருந்தால் போங்கள். 20 முதல் 30 வரை என்றால், உங்களை எடுக்கக்கூடிய அணிகள் எவை, உங்கள் இடத்தில் அங்கே யார் ஆடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 30-க்குக் கீழே என்றால் திரும்பிப் போங்கள்.

முதல் 14 இடமான லாட்டரிக்குள் வருவீர்கள் என்று தெரிந்தும் "கல்லூரி வாழ்க்கை நன்றாக இருக்கிறது" என்று தங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் தாமதித்தால் போவது முதல் வருடச் சம்பளம்தான் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் போவது கடைசி வருடச் சம்பளம். அதிகபட்சச் சம்பளம் அனுபவத்தோடு ஏறுகிறது. ஆறு வருடம் வரை ஆடியவருக்கு அணிச் சம்பள வரம்பில் 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது வரை 30, பத்து ஆனால் 35. 2025-26 வரம்பு 15 கோடியே 46 லட்சம் டாலர் என்பதால் 25 சதவீதமே 3 கோடியே 86 லட்சம். 19 வயதில் நுழைந்தவர் நான்கு வருட ஒப்பந்தம் முடிந்து 23 வயதில் அடுத்த ஒப்பந்தத்துக்கு வருகிறார். 22-இல் நுழைந்தவர் 26-இல். முழங்கால் ஒத்துழைக்கும் வருடங்கள் எல்லோருக்கும் எண்ணி வைத்ததுதான்.

"திரும்பிப் போய் இடத்தை உயர்த்திக்கொள்வேன்" என்பது சிலருக்கு நடக்கிறது, பலருக்கு நடப்பதில்லை. முதலாண்டு வீரரைப் பார்க்கும்போது தேர்வாளர்கள் இவன் என்னவெல்லாம் ஆகக்கூடும் என்று பார்க்கிறார்கள். அதே பையன் இரண்டாமாண்டில் நிற்கும்போது போன வருடம் எதிர்பார்த்ததில் எது நடக்கவில்லை என்று எண்ணுகிறார்கள். ஹாரிசன் பார்ன்ஸ் 2011-இல் முதலிடத்துக்கே பேசப்பட்டவர். நார்த் கரோலினாவில் தங்கினார், 2012-இல் 7-ஆவது. ஒஹையோ ஸ்டேட்டின் ஜாரெட் சலிஞ்சர் அதே போலத் தங்கினார், முதுகுப் பரிசோதனை அறிக்கை சரியில்லாமல் 21-ஆம் இடம்வரை இறங்கினார். கலிஃபோர்னியாவின் ஐவன் ராப் 2016-இல் லாட்டரிக்குள் பேசப்பட்டவர். அடுத்த வருடம் 35, அதாவது உறுதிச் சம்பளக் கோட்டுக்கு வெளியே.

உயர்ந்தவர்களும் உண்டு. ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்ட் நான்காம் வருடம் தங்கி 2016-இல் 6-ஆவதாகப் போனார். பர்டியூவின் ஸாக் எடி 2023-இல் நாட்டின் சிறந்த வீரர் விருதை வாங்கிக்கொண்டு டிராஃப்டில் பெயர் கொடுத்துப் பார்த்தார். கிடைத்த மதிப்பீடு பிடிக்காமல் பெயரை விலக்கித் திரும்பினார். அடுத்த வருடம் மறுபடியும் அதே விருது, அணி இறுதி ஆட்டம்வரை போனது, 2024-இல் 9-ஆவது. மாறாக கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 2022-இல் அதே விருதை வாங்கித் திரும்பியவர். 2023-இல் அவரை யாரும் எடுக்கவில்லை, இண்டியானாவில் டூ-வே ஒப்பந்தம்தான் கிடைத்தது. அவர் தங்கியது தவறு என்று நாங்கள் சொல்லமாட்டோம். 2022-லேயே முதல் சுற்று என்று அவருக்கு யாரும் உறுதி தரவில்லை. ஆனால் கல்லூரி விருது வேறு, டிராஃப்ட் இடம் வேறு. கூடைக்கு அடியில் நின்று ரீபவுண்ட் குவிக்கும் 6 அடி 9 அங்குல வீரருக்குத் தூரத்து ஷாட் இல்லையென்றால், எத்தனை விருது வந்தாலும் என்பிஏவில் அவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி தீராது.

திரும்புபவர் எதைச் சரிசெய்யத் திரும்புகிறார் என்று ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். மூன்று புள்ளி ஷாட்டா, இடது கையால் பந்தை ஓட்டுவதா, தன்னைவிட வேகமானவரைத் தடுப்பதா? அதற்கான இடத்தை உங்கள் பயிற்சியாளர் தருவாரா என்றும் பாருங்கள். அணி முழுதும் உங்களைக் கூடைக்கு அடியில் நிறுத்தி வைத்தே ஜெயிக்கிறது என்றால், அடுத்த வருடமும் அங்கேதான் நிறுத்துவார்கள். அப்படியானால் கல்லூரி மாறுவதே நல்லது. யாக்ஸல் லென்டபோர்க் 2025-இல் இதைத்தான் செய்தார். அலபாமாவின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து மிச்சிகனுக்கு மாற ஒப்புக்கொண்டுவிட்டு, கூடவே டிராஃப்டிலும் பெயர் வைத்து, டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் முகாமான கம்பைனுக்குப் போய்ப் பார்த்து, கடைசியில் பெயரை விலக்கி மிச்சிகனுக்குப் போனார். இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டுத்தான் யோசித்தார்.

அதற்குத் தேதிகள் தெரிந்திருக்க வேண்டும். மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பிற ஆண்டுகளில் நாள் மாறும், தேதியை அந்தந்த வருடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்லூரி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மூடியது ஏப்ரல் 22. டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 26. கம்பைன் மே நடுவில், சிகாகோவில். கல்லூரித் தகுதியைக் காப்பாற்றிக்கொண்டு பெயரை விலக்க, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ தந்த கடைசி நாள் மே 28. என்பிஏவின் விலக்கல் நாள் ஜூன் 15. டிராஃப்ட் ஜூன் 25, 26.

இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. போர்ட்டல் மூடிய பிறகுதான் கம்பைன் நடக்கிறது, ஆகவே கல்லூரி மாறும் எண்ணம் இம்மியளவு இருந்தாலும் போர்ட்டலில் பெயரை முன்னதாகவே போட்டாக வேண்டும். இரண்டாவது இன்னும் மோசமானது. என்பிஏ நாள்வரை நேரம் இருக்கிறது என்று நம்பி ஜூன் முதல் வாரத்தில் பெயரை விலக்குபவருக்கு டிராஃப்டும் இல்லை, கல்லூரியும் இல்லை. என்பிஏவின் தேதி முக்கியமாக வெளிநாட்டு வீரர்களுக்குத்தான் பயன்படும். மே மாதத் தேதி தாண்டிவிட்டால் கல்லூரி ஆட்டம் முடிந்தது என்றே கணக்கில் வையுங்கள். நீதிமன்றம் போய்த் திரும்பலாம் என்று யாராவது சொன்னால், அந்த வாய்ப்பை நம்பி ஒரு வாழ்க்கையைப் பணயம் வைக்க முடியாது.

பெயர் கொடுக்கும்போதே என்பிஏவின் இளநிலை மாணவர் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேளுங்கள். அணி அதிகாரிகளைக் கொண்ட குழு அது. லாட்டரியா, முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, எடுக்கப்படமாட்டீர்களா என்று ரகசியமாகப் பதில் வரும். ஏஜென்ட் வைத்துக்கொள்ளவும் இந்த மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். 2018 விதியின்படி அவர் என்சிஏஏ சான்று பெற்றவராக இருக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் கல்லூரிக்குத் திரும்பினால் அது முடிந்துவிட வேண்டும். சான்றில்லாத "அண்ணன்" ஒருவர் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் அதுவே உங்கள் தகுதியைக் கெடுக்கும். எந்த டிக்கெட்டாக இருந்தாலும் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தைக் கேட்ட பிறகே ஏறுங்கள்.

அழைப்பு வந்தால் கம்பைனுக்குக் கட்டாயம் போக வேண்டும். 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் தவிர்ப்பவரை அந்த வருடம் எடுக்கவே முடியாது. காலணி இல்லாத உயரம், கைகளை விரித்த நீளம், நின்றபடி எட்டும் உயரம், குதிக்கும் உயரம், பக்கவாட்டு வேகம், மைதானத்தின் முக்கால் நீள ஓட்டம் எல்லாம் அளக்கப்படும். கல்லூரிக் கையேட்டில் 6 அடி 7 என்று போட்டிருப்பார்கள், இங்கே 6 அடி 5 என்று வரும். அந்த இரண்டு அங்குலத்தில் நீங்கள் ஆடும் நிலையே மாறிவிடலாம். அதனால் வெறுங்கால் உயரத்தையும் கை நீளத்தையும் ஏப்ரலிலேயே நீங்களே அளந்து பாருங்கள். இதயமும் மூட்டுகளும் அங்கே ஸ்கேன் செய்யப்படும். பழைய காயம் இருந்தால் சிகிச்சை அறிக்கைகளைக் கையில் கொண்டுபோங்கள். ஒளித்து வைத்த காயம் வெளியே வரும்போது அணிகள் காயத்தோடு சேர்த்து உங்கள் நேர்மையையும் சந்தேகிக்கும்.

பிறகு "வாக்குறுதி". 25-ஆம் இடத்தில் நீ இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்று ஓர் அணி வாய்மொழியாகச் சொல்லும். அதற்குச் சட்டபலம் கிடையாது. அன்றிரவு அந்த இடத்தையே வேறு அணிக்கு மாற்றிவிடலாம், உங்களைவிட மேலே பேசப்பட்டவர் வழுக்கி அங்கே வந்து நிற்கலாம். டியூக்கின் கைல் ஃபிலிபோவ்ஸ்கி 2024-இல் அழைக்கப்பட்டவர்களுக்கான கிரீன் ரூமில் உட்கார்ந்திருந்தும் முதல் சுற்றில் பெயர் வரவில்லை, 32-ஆம் இடத்தில்தான் வந்தது. ஒரே ஒரு வாக்குறுதியை நம்பி டிராஃப்டில் இருந்துவிடாதீர்கள். மூன்று அணிகள் தனித்தனியாக அதே அளவில் சொன்னால் நம்பலாம்.

கீழே இருக்கும் இடங்களில் எண்ணைவிட அணிதான் முக்கியம். ஆஸ்டின் ரீவ்ஸ் 2021-இல் இரண்டாம் சுற்றில் எடுக்க வந்த அணியை வேண்டாம் என்று சொல்லி, எடுக்கப்படாமல் போய் லேக்கர்ஸில் டூ-வே ஒப்பந்தத்தைத் தானே தேர்ந்தார். ஜேலன் பிரன்சன் வில்லனோவாவில் மூன்று வருடம், இரண்டு சாம்பியன் பட்டம், கையில் டிகிரியோடு 2018-இல் 33-ஆவதாகப் போனார். நான்கு வருடம் கழித்து நியூயார்க்கோடு 10 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம். இரண்டாம் சுற்றில் போனால் எல்லாம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இருவருமே தங்கள் ஆட்டத்தைக் கல்லூரியிலேயே முழுசாகக் கற்றுக்கொண்டு போனவர்கள். 19 வயதில் டூ-வேயில் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு அந்த அவகாசத்தை யாரும் தருவதில்லை.

திரும்புவதாக முடிவெடுத்தால் கல்லூரி நீட்டும் ஒப்பந்தத்தையும் என்பிஏ ஒப்பந்தம் போலவே வரிவரியாகப் படியுங்கள். இடையில் விலகினால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, காயமானால் சம்பளம் நிற்குமா, உங்கள் பெயரைப் பயன்படுத்தும் உரிமை எந்தத் தேதியில் முடிகிறது என்று மூன்றையும் கேளுங்கள். எதிர்காலத் தொழில்முறை வருமானத்தில் பங்கு கேட்கும் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஃபுளோரிடாவின் ஃபுட்பால் வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 4,36,485 டாலருக்கு, 25 வருட என்எஃப்எல் வருமானத்தில் 15 சதவீதத்தை எழுதிக்கொடுத்துவிட்டு 2023-இல் நீதிமன்றம் போக வேண்டி வந்தது. வெளியார் தரும் 600 டாலருக்கு மேற்பட்ட என்ஐஎல் ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அந்தப் பணத்தில் யாரும் வரி பிடித்துக் கொடுப்பதில்லை. நீங்கள் சுயதொழில் செய்பவராகக் கருதப்படுகிறீர்கள், வருமான வரிக்கு மேல் 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். வரும் ஒவ்வொரு தொகையிலும் 40 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். காரை வாங்கிவிட்டு ஏப்ரலில் திகைத்து நிற்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டு வீரர்களுக்கு வேலை செய்து சம்பாதிப்பதில் தடைகள் உண்டு. கனடாக்காரரான எடியும் அந்தச் சிக்கலில் இருந்தார். குடிவரவு வழக்கறிஞர் பார்க்காமல் எந்த என்ஐஎல் தாளும் வேண்டாம்.

காயத்துக்கான காப்பீடு இரண்டு வகை. இனி ஆடவே முடியாது என்றானால் தொகை தருவது ஒன்று. டிராஃப்ட் இடம் இறங்கியதால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டுவது இன்னொன்று. "எனக்குக் காப்பீடு இருக்கிறது" என்று தைரியமாக இருப்பவர்களில் பலரிடம் இருப்பது முதல் வகை மட்டும். இரண்டாவதை எழுதும்போது உங்கள் மதிப்பு எந்த இடத்தில் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, எந்த இடத்துக்குக் கீழே இறங்கினால் பணம் வரும் என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள்.

படிப்பைப் பற்றி அம்மாக்கள் கவலைப்படுவது நியாயம். ஆனால் போனால் படிப்பு போச்சு என்பதில்லை. மைக்கேல் ஜோர்டன் 1984-இல் மூன்று வருடத்தில் வெளியேறி 1986-இல் பட்டம் வாங்கினார். ஷகீல் ஓ'நீல் 1992-இல் போய் 2000-இல். ஸ்டீஃபன் கறி 2009-இல் போய் 2022-இல். 2018-இல் ஏற்கப்பட்ட ஒரு விதியும் இருக்கிறது. உதவித்தொகையில் குறைந்தது இரண்டு வருடம் படித்தவர் வெளியேறி, பத்து வருடத்துக்குள் அதே கல்லூரிக்குப் பட்டத்தை முடிக்கத் திரும்பினால், கட்டணத்தை முதல் டிவிஷன் கல்லூரி ஏற்க வேண்டும். இரண்டு வருடம் என்பதைக் கவனியுங்கள். ஒரே வருடத்தில் போகிறவருக்கு இந்த உரிமை கிடையாது, அதைக் கல்லூரியிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். போவது உறுதி என்று தோன்றினாலும் மே மாதத் தேர்வுகளை எழுதிவிட்டே சிகாகோவுக்கு விமானம் ஏறுங்கள். அந்தப் பருவத்தில் ஆறு கிரெடிட் தேறாவிட்டால், பெயரை விலக்கித் திரும்பினாலும் இலையுதிர் பருவத்தில் ஆடத் தகுதி இருக்காது.

இன்று உங்களுக்குத் தேர்வு செய்யும் உரிமை இருப்பதே ஸ்பென்சர் ஹேவுட் என்ற ஒருவரால்தான். உயர்நிலைப் பள்ளி முடித்து நான்கு வருடம் ஆகாதவரை என்பிஏவில் ஆடவிடக் கூடாது என்ற விதியை அவர் உச்ச நீதிமன்றம்வரை போய் 1971-இல் உடைத்தார். எதிரணி மைதானங்களில் அவரைச் சட்டவிரோத ஆட்டக்காரர் என்று அறிவித்தார்கள். அவர் வாங்கித் தந்த உரிமையை யாரோ அவசரப்படுத்தியதற்காகச் செலவழித்துவிடாதீர்கள். 2005 ஒப்பந்தம் அதில் 19 வயது, பள்ளி முடித்து ஒரு வருடம் என்ற வேலியை மறுபடி போட்டது. மீதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக, பெயரை விலக்கும் நாளைப் பற்றி. விலக்கல் எழுத்தில் என்பிஏவுக்குப் போக வேண்டும். பயிற்சியாளரிடம் சொன்னதோ, சமூக வலைதளத்தில் பதிவிட்டதோ விலக்கல் ஆகாது. 2025-இல் கெடு கிழக்கு நேரப்படி இரவு 11.59. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு அது இரவு 8.59. கடிதத்தை முந்தைய நாளே எழுதி, கையெழுத்திட்டு, விதிமுறை அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். அனுப்பிய பிறகு என்பிஏவிடமிருந்து பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வரும்வரை தூங்கப் போகாதீர்கள்.

அன்புடன்,
கல்லூரிக் கூடைப்பந்தையும் என்பிஏ ஒப்பந்த விதிகளையும் ஆண்டுக்கணக்கில் கவனித்துவரும் நாங்கள்